இலக்கச் சுட்டியும் வகுபடுந்தன்மையும்: ஒன்பதுக்குக் கிடைத்த வழி ஏழுக்கு ஏன் கிடைக்கவில்லை?

தரம் ஏழில் படிக்கும் உங்கள் மகள் கேட்ட மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தீர்கள். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, வந்த விடையின் இலக்கங்களையும் மீண்டும் கூட்டி, ஒற்றை இலக்கம் வரும்வரை தொடர்ந்தால் கிடைப்பது அவ்வெண்ணின் இலக்கச் சுட்டி. அது 9 ஆனால் எண் 9 ஆல் வகுபடும் என்றும், 3, 6, 9 ஆகியவற்றுள் ஒன்றானால் 3 ஆல் வகுபடும் என்றும் வகுப்பில் படிப்பித்திருக்கிறார்கள். இது ஏன் என்பது பிள்ளையின் முதற்கேள்வி. இலக்கச் சுட்டி 6 ஆக வந்தால் எண் 6 ஆல் வகுபடுமா என்பது இரண்டாவது. ஏழுக்கு மட்டும் இப்படியொரு வழி ஏன் சொல்லித் தரவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நான் கணிதம் படிப்பித்த காலம் முழுவதிலும் இதைத் தானாகக் கேட்ட மாணவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும், நான் உட்பட, விதியைப் பாடமாக்கிக்கொண்டு மேலே போனவர்கள்.

மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே செய்திதான். ஓர் எண்ணின் இலக்கச் சுட்டி என்பது அவ்வெண்ணை 9 ஆல் வகுக்கும்போது எஞ்சும் மீதி. மீதி எதுவும் எஞ்சாதபோது மட்டும் பூச்சியத்துக்குப் பதிலாக 9 என்று எழுதுகிறோம். வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கப்பட்ட ஆண்டான 1823 ஐ எடுங்கள். 1, 8, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 14. 14 இன் இலக்கங்களைக் கூட்டினால் 5. இனி 1823 ஐ 9 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு 202, மீதி 5. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்ட 1974 இன் கூட்டுத்தொகை 21, இலக்கச் சுட்டி 3. 9 ஆல் வகுத்தால் மீதியும் 3. எந்த எண்ணை எடுத்தாலும் இது தவறாது.

ஏன் தவறாது என்பதைப் பிள்ளைக்குக் காட்டுவதற்குக் கரும்பலகையைவிட ஒரு கடகம் பனங்கிழங்கு நல்லது. கிழங்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டுகிறோம் என்றும், பத்துக் கட்டுகளை ஒரு சாக்கில் போடுகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 342 கிழங்குகள் என்பது மூன்று சாக்கு, நான்கு கட்டு, இரண்டு உதிரிக் கிழங்கு. இவற்றை ஒன்பது வீடுகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டை அவிழ்த்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தால் ஒன்பது கிழங்கு போய் ஒன்று எஞ்சும். ஒரு சாக்கை அவிழ்த்து வீட்டுக்குப் பதினொன்றாகக் கொடுத்தால் தொண்ணூற்றொன்பது போய் அதிலும் ஒன்று எஞ்சும். ஆகவே மூன்று சாக்குகளிலிருந்து மூன்று, நான்கு கட்டுகளிலிருந்து நான்கு, அவற்றோடு உதிரியான இரண்டு என்று கடகத்தில் எஞ்சுவன 3+4+2, அதாவது 9 கிழங்குகள். இலக்கங்களைக் கூட்டுதல் என்று நாம் செய்வது, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒவ்வொரு சாக்கிலிருந்தும் எஞ்சிய ஒற்றைக் கிழங்குகளைப் பொறுக்கிச் சேர்ப்பதே. சேர்ந்தது ஒன்பதோ அதற்கு மேலோ ஆனால் மறுபடியும் வீடுகளுக்குப் பிரிக்கலாம். அதுதான் இரண்டாம் முறை கூட்டுதல். இங்கே எஞ்சிய ஒன்பதும் வீட்டுக்கு ஒன்றாகப் போய்விடும். 342 ஐ 9 ஆல் வகுத்தால் 38, மீதி இல்லை.

இந்தச் செய்கையில் மறைந்திருக்கும் காரணம் ஒன்றே ஒன்று: பத்து என்பது ஒன்பதிலும் ஒன்று கூடியது. அதனால் 10, 100, 1000, 10000 என எந்தப் பத்தின் வலுவை 9 ஆல் வகுத்தாலும் மீதி 1 ஆகவே இருக்கிறது. 9, 99, 999, 9999 எல்லாம் ஒன்பதின் மடங்குகள் என்பதைச் சொல்லவும் வேண்டியதில்லை. ஓர் இலக்கம் பத்தாம் இடத்தில் நின்றாலென்ன, இலட்சத்தின் இடத்தில் நின்றாலென்ன, ஒன்பதின் கண்ணுக்கு அது ஒன்றாம் இடத்தில் நிற்பதுபோலவே தெரிகிறது.

இதை நம் பழைய தமிழ் இலக்கமுறை வெளிப்படையாகவே காட்டுகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பான விடயம். அம்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக் குறிகள் உண்டு; பூச்சியம் இட்டு இடமதிப்புக் காட்டும் வழக்கம் இல்லை. 342 ஐ ௩௱௪௰௨ என்று எழுதுவார்கள்: மூன்று நூறு, நான்கு பத்து, இரண்டு. இதிலிருந்து ௱, ௰ என்னும் இரண்டு குறிகளையும் அழித்துவிட்டால் எஞ்சுவன ௩, ௪, ௨. அவற்றைக் கூட்டினால் வேலை முடிந்தது. சாக்கையும் கட்டையும் அவிழ்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழங்கை வைத்துக்கொண்டதும் குறியை அழித்ததும் ஒரே செயல். ௲, ௱, ௰ தமக்கு முன்னால் எண் எதுவும் இல்லாமல் தனித்து நின்றால் மட்டும் அங்கே ஒன்று இருப்பதாகக் கொள்ள வேண்டும். 1823 ஐ ௲௮௱௨௰௩ என எழுதும்போது முதலில் நிற்கும் ௲ க்கு ஒன்று.

எத்தனை முறை கூட்ட வேண்டியிருக்கும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அஞ்சத் தேவையில்லை. மூன்று முறை கூட்ட வேண்டிய மிகச் சிறிய எண் 199. நான்கு முறை கூட்ட வேண்டிய மிகச் சிறிய எண்ணை எழுத, ஒன்றைப் போட்டு அதன் பின்னால் இருபத்திரண்டு ஒன்பதுகள் போட வேண்டும். நாம் கடையிலோ வங்கியிலோ காணும் எண்கள் எல்லாம் மூன்று படிக்குள் அடங்கிவிடும்.

மூன்றுக்கான விதி இதிலிருந்து தானாக வருகிறது. ஒன்பதே மூன்றின் மடங்கு. ஆகையால் எண்ணிலிருந்து ஒன்பது ஒன்பதாக எவ்வளவு எடுத்தாலும், அது மூன்றால் வகுபடுமா என்னும் நிலை மாறாது. எஞ்சிய ஒற்றை இலக்கம் மூன்றால் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். 3 இலும் பெரிய முதன்மை எண் (1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) எதற்கும் இலக்கச் சுட்டி 3, 6, 9 ஆக வராது என்பதும் இதன் விளைவு. 1 முதல் 9 வரையான இலக்கங்களை ஒவ்வொரு முறை பயன்படுத்தி 3,62,880 எண்களை எழுதலாம். அவற்றுள் ஒன்றுகூட முதன்மை எண் ஆகாது, ஏனெனில் எந்த ஒழுங்கில் எழுதினாலும் கூட்டுத்தொகை 45, இலக்கச் சுட்டி 9.

இனி இரண்டாவது கேள்வி. இலக்கச் சுட்டி 6 என்றால், 9 ஆல் வகுக்க மீதி 6 என்பது மட்டுமே பொருள். 15 இன் இலக்கச் சுட்டி 6. அது 6 ஆல் வகுபடாது. 24 இன் இலக்கச் சுட்டியும் 6, அது வகுபடும். 12 இன் இலக்கச் சுட்டி 3 ஆக இருந்தும் அது 6 ஆல் வகுபடுகிறது. ஆறு என்பது இரண்டும் மூன்றும் பெருகி வந்தது. மூன்றைப் பற்றி இலக்கச் சுட்டிக்குத் தெரியும். இரண்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, ஏனெனில் ஒன்பதுக்கும் இரண்டுக்கும் பொதுக்காரணி இல்லை. எனவே 6 க்கு இரண்டு சாட்சிகள் வேண்டும்: கடைசி இலக்கம் இரட்டையாக இருக்க வேண்டும், இலக்கச் சுட்டி 3, 6, 9 இல் ஒன்றாகவும் இருக்க வேண்டும். 18 க்கு இரட்டைத்தன்மையும் இலக்கச் சுட்டி 9 உம், 45 க்கு கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆவதும் இலக்கச் சுட்டி 9 உம், 12 க்கு கடைசி இரண்டு இலக்கங்களால் ஆகும் எண் 4 ஆல் வகுபடுவதும் மூன்றின் விதியும் போதும். சாட்சிகளாக எடுக்கும் இரண்டு எண்களுக்கும் பொதுக்காரணி இருக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 12 க்கு 2 ஐயும் 6 ஐயும் சாட்சியாக எடுத்துக்கொண்டு, 18 ஐயும் 12 ஆல் வகுபடும் என்று எழுதிய விடைத்தாள்களை நான் ஏராளமாகத் திருத்தியிருக்கிறேன்.

இன்னொரு வழுக்கலான இடம் 27. மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டினோம், ஒன்பதுக்குக் கூட்டினோம், ஆகவே அடுத்த மூன்றின் வலுவான 27 க்கும் கூட்டினால் போதும் என்று நல்ல மாணவர்களே நினைப்பதுண்டு. 18 ஐப் பார்த்தாலே அது பிழை என்று தெரியும். ஒன்பதைத் தாண்டியதும் இலக்கச் சுட்டியின் பார்வை நின்றுவிடுகிறது. ஆனால் 999 என்பது 27 ஐ 37 ஆல் பெருக்க வருவது. எனவே எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்டினால் 27 க்கும் 37 க்கும் சேர்த்து ஒரு சோதனை கிடைக்கிறது. 4,617 இல் 4 ஐயும் 617 ஐயும் கூட்ட 621. அது 27 இன் 23 மடங்கு, ஆகவே 4,617 உம் 27 ஆல் வகுபடும். 5,624 இல் 5 உம் 624 உம் சேர்ந்து 629. அது 37 இன் 17 மடங்கு. அதேபோல் 99 என்பது 9 ஐ 11 ஆல் பெருக்க வருவதால், இரண்டிரண்டாகப் பிரித்துக் கூட்டினால் 11 பிடிபடும்: 385 இல் 3 உம் 85 உம் சேர்ந்து 88.

வகுபடுந்தன்மைக்கு வெளியே இலக்கச் சுட்டி மிக நீண்ட காலம் உழைத்த இடம் கணக்குச் சரிபார்ப்பு. இரண்டு எண்களைக் கூட்டினாலும் பெருக்கினாலும், அவற்றின் இலக்கச் சுட்டிகளைக் கூட்டியோ பெருக்கியோ வருவதன் இலக்கச் சுட்டி, விடையின் இலக்கச் சுட்டிக்குச் சமமாக இருக்கும். 347 ஐ 58 ஆல் பெருக்கினால் 20,126. 347 க்கு 5, 58 க்கு 4, ஐந்நான்கு இருபது, அதன் இலக்கச் சுட்டி 2. விடையின் கூட்டுத்தொகை 11, அதற்கும் 2. யாராவது 20,136 என்று எழுதியிருந்தால் இலக்கச் சுட்டி 3 ஆகிப் பிழை உடனே வெளிப்பட்டிருக்கும். 10ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் இரண்டாம் ஆரியபட்டர் தமது மகாசித்தாந்தத்தில் இந்தச் சோதனையைச் சொல்லியிருக்கிறார். அரபுக் கணிதர்களும் இதைக் கையாண்டனர். இத்தாலியரான பிபனாச்சி 1202 இல் எழுதிய கணித நூலிலும் இது விரிவாக வருகிறது. 1801 இல் ஜேர்மானியக் கணிதர் கவுஸ் மீதிகளுக்கென்றே ஒரு குறியீட்டையும் கணக்குமுறையையும் வகுத்த பின்னர், ஒன்பது மட்டுமன்றி எந்த எண்ணை வைத்தும் இதே சோதனையைச் செய்யலாம் என்பது மாணவர்களுக்கும் விளங்கும் செய்தியாயிற்று.

ஆனால் இது ஒருவழிச் சோதனை. இலக்கச் சுட்டிகள் ஒத்துப் போகாவிட்டால் விடை நிச்சயம் பிழை. ஒத்துப் போனால் விடை சரி என்று சத்தியம் செய்ய முடியாது. 20,126 ஐ 20,216 என்று இடம் மாற்றி எழுதியிருந்தாலும் இலக்கச் சுட்டி 2 தான். இலக்கங்களைக் கூட்டும்போது அவற்றின் ஒழுங்கு காணாமற் போய்விடுவதால், மனிதக் கை செய்யும் பிழைகளுள் மிகச் சாதாரணமானதை, அதாவது அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதுவதை, இந்தச் சோதனை ஒருபோதும் பிடிக்காது.

இதே குருட்டுத்தன்மை பேரேட்டுக்கு வந்ததும் கூர்மையான பார்வையாக மாறிவிடுகிறது. என் தகப்பனார் ஒரு கிராமத்துச் சங்கக்கடையில் கணக்கெழுதியவர். ஒரு மாதக் கடைசியில், பேரேட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கும் பரீட்சை மீதியில் 270 ரூபா வித்தியாசம் வந்தது. மற்றவர்கள் முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பதிவாகப் பார்க்கத் தொடங்கியபோது, அவர் 270 ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்து, நூறின் இடத்துக்கும் பத்தின் இடத்துக்கும் இடையில் மூன்று வித்தியாசமுள்ள இலக்கங்கள் மாறியிருக்கும் பதிவைத் தேடச் சொன்னார். 4,850 என்ற தொகை ஒரு பக்கத்தில் 4,580 ஆகிக் கிடந்தது. காரணம் எளிது. இடம் மாறிய இரண்டு எண்களுக்கும் இலக்கச் சுட்டி ஒன்றே ஆகையால் அவற்றின் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்கு. ஒன்றாம் இடமும் பத்தாம் இடமும் மாறினால், இலக்கங்களின் வித்தியாசத்தை 9 ஆல் பெருக்கியது வரும். பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறினால் 90 ஆல் பெருக்கியது வரும். 270 என்பது மூன்று தொண்ணூறு. பூச்சியம் ஒன்று கூடிப்போனாலும் இதே கதைதான்: 45 ரூபாவை 450 என்று எழுதினால் வித்தியாசம் 405, அதை 9 ஆல் வகுத்தால் எழுதியிருக்க வேண்டிய 45 ஏ கிடைத்துவிடும். வித்தியாசம் ஒன்பதால் வகுபடுவதால் மட்டும் இடம்தான் மாறியிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. 270 ரூபாவுக்கான சிட்டை ஒன்றே விடுபட்டிருக்கவும் கூடும். எங்கே முதலில் தேடுவது என்பதைத்தான் ஒன்பது சொல்கிறது, அன்றிரவு அவர் ஏழரை மணிக்கே வீட்டுக்கு வந்தார்.

இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் வங்கி அட்டையின் எண்ணும் இந்தக் குருட்டுத்தன்மைக்கு மருந்து தேடி அமைக்கப்பட்டதுதான். ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீற்றர் லூன் 1954 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. வலப்பக்கத்திலிருந்து ஓர் இலக்கம் விட்டு ஓர் இலக்கமாக இரட்டிக்க வேண்டும்; இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவ்விரண்டையும் கூட்ட வேண்டும்; பின்னர் எல்லாவற்றையும் கூட்டினால் பத்தின் மடங்கு வர வேண்டும். இடையில் வரும் அந்தக் கூட்டல் இலக்கச் சுட்டியே: 7 இரட்டித்து 14 ஆகி 5 ஆகிறது, 8 இரட்டித்து 16 ஆகி 7 ஆகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் வெவ்வேறு விதமாக நடத்தப்படுவதால் அவை இடம் மாறினால் கூட்டுத்தொகையும் மாறிவிடும். 0 உம் 9 உம் அருகருகே நின்று இடம் மாறுவது ஒன்றுதான் இதற்குத் தப்பும், ஏனென்றால் இரட்டித்து இலக்கச் சுட்டி எடுத்தாலும் 0 பூச்சியமாகவும் 9 ஒன்பதாகவுமே நிற்கின்றன.

மகளுக்கு விளையாட்டாகச் செய்து பார்க்க நிறைவர்க்க எண்களைக் கொடுங்கள். 1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81 ஆகியவற்றின் இலக்கச் சுட்டிகளை வரிசையாக எழுதச் சொன்னால் 1, 4, 9, 7, 7, 9, 4, 1, 9 என்று வரும். முதல் எட்டும் முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றே என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். 8 என்பது ஒன்பதுக்கு ஒன்று குறைவு, 7 என்பது இரண்டு குறைவு, வர்க்கத்தில் கூடுதலும் குறைவும் ஒன்றாகிவிடுகின்றன என்பதே காரணம். 1, 4, 7, 9 தவிர வேறு இலக்கச் சுட்டி நிறைவர்க்கத்துக்கு வராது. 45,326 நிறைவர்க்கமா என்று பரீட்சையில் கேட்டால், கடைசி இலக்கம் 6 ஆக இருப்பதைக் கண்டு மயங்காமல், கூட்டுத்தொகை 20, இலக்கச் சுட்டி 2, ஆகவே இல்லை என்று ஒரு வரியில் முடிக்கலாம். 34,225 க்கு 7 வருகிறது; அது 185 இன் வர்க்கம். ஆனால் 7 வந்ததால் அது நிறைவர்க்கம் என்று எழுதினால் பூச்சியம்தான் கிடைக்கும், 7 என்ற எண்ணே அதற்கு எதிர்ச்சாட்சி.

கனங்களுக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு: 1, 8, 9 மட்டுமே. 8 ஐ ஒன்பதுக்கு ஒன்று குறைவு என்று கொண்டால், ஒரு கனம் ஒன்பதின் மடங்காகவோ, அதிலும் ஒன்று கூடியதாகவோ, ஒன்று குறைந்ததாகவோ மட்டுமே இருக்க முடியும். மூன்று கனங்களைக் கூட்டினால் அதிகபட்சம் மூன்று கூடலாம், மூன்று குறையலாம். எனவே இலக்கச் சுட்டி 4 ஓ 5 ஓ உள்ள எண்ணை, மறை எண்களின் கனங்களைச் சேர்த்தாலும்கூட, மூன்று கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது. அப்படித் தடை இல்லாத எண்களுக்கு விடை கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 33 ஐயும் 42 ஐயும் பாருங்கள். 33 க்கு அன்ட்ரூ புக்கர் என்ற கணிதர் 2019 இல் பதினாறு இலக்க எண்களில் விடை கண்டார். 100 க்கு உட்பட்டவற்றில் கடைசியாக எஞ்சியிருந்த 42 க்கு அதே ஆண்டு அவரும் அன்ட்ரூ சதர்லன்டும் பெருந்தொகைக் கணினிகளின் உதவியோடு பதினேழு இலக்க எண்களைக் கண்டனர். ஏழாம் தரத்துப் பிள்ளை 31 ஐ அப்படி எழுத முடியாது என்பதை 3 ஐயும் 1 ஐயும் கூட்டியே சொல்லிவிடலாம்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஏழு வீடுகளுக்குக் கிழங்கு பிரிக்கிறோம். ஒரு கட்டை அவிழ்த்தால் மூன்று எஞ்சும். நூறு கிழங்குச் சாக்கை அவிழ்த்தால் இரண்டு எஞ்சும். ஆயிரத்தில் ஆறு, பத்தாயிரத்தில் நான்கு, இலட்சத்தில் ஐந்து, பத்து இலட்சத்தில் மறுபடியும் ஒன்று. இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் மீதி வேறு. ஒன்பதுக்கு எல்லா இடமும் ஒன்றாகத் தெரிந்ததால்தான் இலக்கங்களைச் சும்மா கூட்டினோம். ஏழுக்கு இடத்துக்கு இடம் எடை மாறுவதால், வலப்பக்கத்திலிருந்து 1, 3, 2, 6, 4, 5 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 2618 க்குச் செய்து பார்த்தால் 8, 3, 12, 12 என்று வந்து கூட்டுத்தொகை 35. ஆகவே அது 7 ஆல் வகுபடும். ஆகவே வழி இருக்கிறது. அதை நினைவில் வைப்பதைவிட நேரடியாக வகுப்பது இலகு என்பதால்தான் யாரும் படிப்பிப்பதில்லை.

இதைவிடக் கைக்கு வசதியான முறை, கடைசி இலக்கத்தை வெட்டி, அதை இரட்டித்து, எஞ்சிய எண்ணிலிருந்து கழிப்பது. 2618 இல் 8 ஐ வெட்டினால் 261. அதிலிருந்து 16 ஐக் கழிக்க 245. அதில் 5 ஐ வெட்டி 24 இலிருந்து 10 ஐக் கழிக்க 14. இப்படிக் கழித்து வந்ததைப் பத்தால் பெருக்கினால், பழைய எண்ணிலிருந்து வெட்டிய இலக்கத்தின் 21 மடங்கைக் கழித்தது கிடைக்கும். 21 ஏழின் மடங்கு, பத்தோ ஏழோடு காரணி பகிராதது, அதனால் வகுபடும் நிலை மாறுவதில்லை. பெரிய எண்களுக்கு 1001 உதவும், அது 7, 11, 13 ஆகியவற்றின் பெருக்கம். 5,278 இல் 278 இலிருந்து 5 ஐக் கழித்தால் 273. அது 7 ஆலும் 13 ஆலும் வகுபடுவதால் 5,278 உம் இரண்டாலும் வகுபடும்.

ஏழுக்கு ஒன்பதைப்போல் இலகுவான வழி வேண்டுமென்றால், கிழங்கை எட்டெட்டாகக் கட்டத் தொடங்க வேண்டும். எட்டு ஏழிலும் ஒன்று கூடியது. அப்போது கட்டுக்கு ஒன்று, எட்டுக் கட்டுச் சாக்குக்கு ஒன்று என்று ஏழு வீட்டுக் கணக்கில் ஒவ்வொன்றே எஞ்சும். 2618 ஐ எட்டின் வலுக்களில் எழுதினால் 5072: ஐந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு, அறுபத்துநான்கு இல்லை, ஏழு எட்டு, இரண்டு உதிரி. இலக்கங்களின் கூட்டுத்தொகை பதினான்கு. அதையும் எட்டில் எழுதினால் ஓர் எட்டும் ஆறும், கூட்ட 7. நமக்குக் கைகளில் எட்டு விரல் இருந்திருந்தால் உங்கள் மகள் ஏழுக்கு விதி படித்துவிட்டு, ஒன்பதுக்கு ஏன் இல்லை என்று கேட்டிருப்பாள்.

2618 ஐ நான் சும்மா தெரிந்தெடுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு விலை பேசி முடித்த பிறகு, இலக்கத்தகட்டில் இருந்த இந்த நான்கு இலக்கங்களையும் கூட்டி, எட்டு வருகிறது, எட்டு சனியினுடையது என்று சொல்லிக் கைவிட்டார். எட்டு என்ற அந்தச் சுட்டி 2618 க்குச் சொந்தமானதன்று. பத்துப் பத்தாக எண்ணும் நம் வழக்கத்துக்குச் சொந்தமானது. எட்டெட்டாக எண்ணியிருந்தால் அதே தகடு ஏழைக் காட்டியிருக்கும் என்று நான் சொன்னதை அவர் இரசிக்கவில்லை. எப்படி எழுதினாலும் 2618 கிழங்குகள் ஏழு வீடுகளுக்கு வீட்டுக்கு 374 ஆகப் பிரியும். மோட்டார் சைக்கிளைப் பிறகு சந்தியில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் குறைந்த விலைக்கு வாங்கினார். விடிகாலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், வாழைக்குலைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதில்தான் திரும்பி வருகிறார்.